வேண்டாம் என்பதற்கு எந்த மூஞ்சி?

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், துணி வெளுக்கும் பிரிவில், அந்தப் பெண்மணியை எல்லோரும் இன்ஸ்பெக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். போலீஸ் உத்தியோகம் எல்லாம் இல்லை. மடிக்கிற மேஜையின் தலைமாட்டில் நின்றுகொண்டு, வெளுத்து வருகிற ஒவ்வொரு படுக்கை விரிப்பையும் டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். கறை இருந்தால் ஓரத்தில் ஒரு முடிச்சுப் போட்டு, மறுபடி வெளுக்கிற கூடையில் எறிந்துவிடுவார். அவர் முடிச்சுப் போட்டதை எடுத்துக்கொண்டு போக அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தைரியம் கிடையாது. ஒரு தடவை தலைமை நர்ஸே படியிறங்கி வந்து, "லேசான மருந்துக் கறைதானே, மேல பேஷன்ட் காத்துக்கிட்டு இருக்கார், குடுங்களேன்" என்று கெஞ்சிப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் தலையாட்டவே இல்லை. நர்ஸ் வெறுங்கையோடு படியேறினார்.

அவருக்கு வயது நாற்பத்து நான்கு. எண்கள் தெரியும், தன் பெயரை எழுதத் தெரியும், மற்ற எழுத்துகளோடு அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை. சின்ன வயதில் ஒரு டாக்டர் அவரை அரை மணி நேரம் பார்த்துவிட்டு, அறிவு வளர்ச்சிக் குறைபாடு, மிதமானது என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். அந்த 'மிதமானது' என்ற சொல்லை அவருடைய தம்பி இன்றைக்கும் ஏதோ தள்ளுபடி கிடைத்த மாதிரிதான் ஊராரிடம் சொல்லுவான். அப்பா அம்மா போன பிறகு இன்ஸ்பெக்டர் தம்பியோடும் தம்பி பெண்டாட்டியோடும் இருக்கிறார். தம்பி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். அந்தக் காரில் ஓட்டுகிறவன் பக்கம் ஒரு பிரேக், பக்கத்து சீட்டில் தம்பி கால் பக்கம் இன்னொரு பிரேக். பதினெட்டு வருஷமாக அடுத்தவன் ஓட்டும்போது மிதித்து மிதித்து, வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கால் சும்மா இருப்பதில்லை. "அக்கா, அடுப்பை அணைச்சியா?" "அக்கா, செருப்பை மாத்திப் போட்டுடாத." அடுப்பை அணைப்பதும், அவன் வண்டிச் சாவியை மறந்துவிட்டுப் போகும்போது பின்னாலேயே ஓடிப் போய்க் கொடுப்பதும் அக்காதான். அது கணக்கில் வராது.

காலை ஆறே காலுக்கு இருபத்தேழாம் நம்பர் பஸ். பன்னிரண்டு வருஷமாகத் தனியாகத்தான் போய் வருகிறார். பெட்ரோல் பங்க், நீலக் கேட், பாங்க், வளைவு, ஆஸ்பத்திரி. ஒருநாள் கூட இறங்க வேண்டிய இடத்தை விட்டதில்லை. தம்பியிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிற பட்டதாரிகளில் பாதிப்பேர் அந்த வளைவில் இன்னும் தப்பாகத்தான் திரும்புகிறார்கள்.

புதன்கிழமை மட்டும் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வருவார். 'பஸ் லேட்' என்பார். யாரும் தோண்டித் துருவியதில்லை. உண்மையில் அவர் பாங்க் நிறுத்தத்தில் இறங்கி, எதிரே இருக்கிற மூன்று மாடி மரச்சாமான் கடைக்குள் போவார். இரண்டாம் மாடி முழுக்கக் கட்டில், மெத்தை. கண்ணாடிக் கதவைத் திறந்ததும் விற்பனைக்காரர் எழுந்து நிற்பார். "வாங்க மேடம், புதுசா ரெண்டு வந்திருக்கு, பாக்குறீங்களா?" இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு கட்டிலாகப் போய் உட்கார்ந்து பார்ப்பார், மெத்தையை உள்ளங்கையால் அமுக்குவார், விரிப்பின் மூலை மடிப்பு சரியில்லை என்றால் அவிழ்த்துத் தானே மடித்து வைப்பார். "இது எப்படி மேடம்?" "வேண்டாம்." "இது?" "இதுவும் வேண்டாம். சத்தம் போடுது." ஒரு மணி நேரத்தில் இருபது கட்டிலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றேன்" என்று கிளம்பிவிடுவார். விற்பனைக்காரருக்கும் இதில் நஷ்டம் இல்லை. புதன்கிழமை வியாபாரம் மந்தம், முதலாளி எட்டிப் பார்க்கும்போது ஒரு வாடிக்கையாளர் இருந்தால் நல்லதுதானே. என்ன வேண்டும் என்று இன்ஸ்பெக்டரைக் கேட்டு, வேண்டாம் என்றால் அதைக் காதில் வாங்கிக்கொண்ட ஒரே இடம் அந்த இரண்டாம் மாடிதான். அந்த ஒரு மணி நேரத்துக்காக அவர் மற்ற ஆறு நாளையும் பொறுத்துக்கொள்வார் என்றால் அது மிகையில்லை.

இந்த நிலையில்தான் நல்லவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் சனிக்கிழமைகளில், தன்னைப் போன்றவர்களுக்கான ஒரு பயிற்சி மையத்துக்குப் போவது வழக்கம். பதினெட்டு வயதிலிருந்து பழகிய இடம். அங்கே ஒரு மேடம் உண்டு. மேடத்துக்கு ஒரு தொழில்நுட்ப நிறுவனம் கடிதம் போட்டிருந்தது. அறிவுக் குறைபாடு உள்ளவர்கள் தனியாக வெளியே போய்வர உதவும் ஒரு கைக்கருவி செய்யப் போகிறார்களாம். அதையும் அவர்களுக்காகச் செய்யாமல், அவர்களோடு சேர்ந்தே செய்யப் போகிறார்களாம். நிதி கொடுக்கிற அமைப்பு அப்படிச் செய்தால்தான் நிதி என்று சொல்லிவிட்டது என்பது கடிதத்தில் இல்லை, பிறகு தெரிந்துகொண்டது. மேடம் ஒன்பது பேரைப் பொறுக்கி அனுப்பினார். தனியாக வெளியே போக ஒன்பது பேருக்கும் சொல்லித்தர வந்தவர்கள், அதில் ஒருவர் பன்னிரண்டு வருஷமாகத் தனியாகத்தான் போகிறார் என்பதைக் கேட்கவில்லை. கேட்க நேரம் எங்கே இருக்கிறது, அத்தனை வேலை.

திட்டத்தின் தலைவர் ஒரு தாடிக்காரர். உட்காரும்போதே கையைக் கூப்பிக்கொண்டு உட்காருவார். "நீங்க எல்லாரும் எங்க டிசைன் பார்ட்னர்ஸ். நீங்கதான் எங்க ஆசான்கள்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஆசான்களை உட்கார வைத்த இருக்கைகள் மணல் மூட்டை மாதிரி அமுங்குகிற ரகம். விழுந்தால் விழுந்ததுதான், யாராவது கையைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டும். தாடிக்காரருக்கு உதவியாக ஒரு பெண். யார் என்ன சொன்னாலும் மஞ்சள், பச்சை, ரோஸ் சீட்டுகளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொண்டே இருப்பாள். அவளுக்கு இன்ஸ்பெக்டர் மனதுக்குள் சீட்டுக்காரி என்று பெயர் வைத்துவிட்டார். பதிவுப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் தாடிக்காரர் தன் கைப்படவே 'பயனாளி' என்று நிரப்பினார். இன்ஸ்பெக்டரின் தொழிலைப் பற்றிய விசாரணை அத்தோடு முடிந்தது.

பிறகு கேள்விகள் ஆரம்பித்தன. கருவியின் பெயர் 'துணை'. பட்டை என்ன நிறம் வேண்டும்? பொத்தான் வட்டமா, சதுரமா? குரல் அக்கா மாதிரி இருக்கட்டுமா, டீச்சர் மாதிரி இருக்கட்டுமா? கருவி என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி மட்டும் ஒரு கேள்வியும் இல்லை. அது முன்னாலேயே முடிவாகிவிட்டது. பதில் சொல்ல அட்டைகள் தந்தார்கள். ஒன்றில் சிரிக்கிற முகம், ஒன்றில் சும்மா இருக்கிற முகம், ஒன்றில் அழுகிற முகம். இந்த அட்டைகளை மையத்திலிருந்தே கேட்டு வாங்கி வந்திருந்தார்கள். 'அவங்களுக்குப் பழகினதா இருக்கணும்' என்று தாடிக்காரருக்கு அக்கறை.

பழகினதுதான். அங்கேதான் கோளாறு. மையத்தில் ஒவ்வொரு நாளும் மாலை நாலரைக்கு மேடம் இந்த மூன்று முகத்தையும் நீட்டி, "இன்னிக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்பார். சிரிக்கிற முகத்தைத் தொட்டவர்களுக்கு ஒரு பிஸ்கட், நேரே வேனில் ஏறிக்கொள்ளலாம். சும்மா இருக்கிற முகத்தைத் தொட்டால், "ஏன்டா கண்ணா, என்னாச்சு?" என்று பத்து நிமிஷம் பிடித்துக்கொள்வார். அழுகிற முகத்தைத் தொட்டால் கதை கந்தல். மனநல ஆலோசகர் அறையில் அரை மணி நேரம் உட்கார வேண்டும், வேன் போய்விடும், வீட்டுக்குப் போன் போகும். இருபது வருஷம் இப்படி நடந்தால் மனுஷன் கற்றுக்கொள்ள மாட்டானா? எதை நீட்டினாலும் சிரிப்பைத் தொடு, வீட்டுக்குப் போ. அறிவு வளர்ச்சி குறைவு என்று எழுதப்பட்ட ஒன்பது பேரும் இந்தப் பாடத்தை ஒரு பிழையில்லாமல் கற்றிருந்தார்கள்.

ஆகவே பட்டை நீலம் என்றாலும் ஒன்பது சிரிப்பு, பழுப்பு என்றாலும் ஒன்பது சிரிப்பு. சத்தம் குறைவாக வைத்தால் சிரிப்பு, காது கிழிய வைத்தால் அதற்கும் சிரிப்பு. ஒருநாள் புரொஜெக்டர் வேலை செய்யவில்லை. சீட்டுக்காரி ஒயரைப் பிடுங்கிச் சொருகிக்கொண்டிருந்த நேரத்தில், வெறும் வெள்ளைத் திரையைப் பார்த்தே ஒன்பது பேரும் சிரிக்கிற முகத்தைத் தூக்கிக் காட்டிவிட்டார்கள். அது கூட அறிக்கையில் போனது. "காத்திருக்கும் நேர அனுபவம்: நூறு சதவீதத் திருப்தி." தாடிக்காரருக்கு ஆனந்தக் கண்ணீர் வராத குறை.

இப்படி ஒன்பது சிரிப்பின் மேல் கட்டிய கருவியை ஒரு நல்ல நாளில் இன்ஸ்பெக்டரின் மணிக்கட்டில் மாட்டினார்கள். ஆறு வாரம் சோதனை. பூட்டு வைத்த பட்டை, கழற்றுகிற சாவி தம்பியிடம். தம்பிக்கு வாயெல்லாம் பல். அவனுடைய இரண்டாவது பிரேக் இப்போது அக்காவின் கையிலேயே இருந்தது.

முதல் புதன்கிழமை. இன்ஸ்பெக்டர் பாங்க் நிறுத்தத்தில் இறங்கினார். கை லேசாக அதிர்ந்தது. கண்டுகொள்ளவில்லை. கடைக்குள் போனார், விற்பனைக்காரர் எழுந்து நின்றார், "வாங்க மேடம்" ஆயிற்று. தேக்குக் கட்டிலில் உட்கார்ந்து மெத்தையை அமுக்கிக்கொண்டிருக்கும்போது மணிக்கட்டு வாயைத் திறந்தது. மூன்று மாடிக்கும் கேட்கிற சத்தம். டீச்சர் குரல்.

"நீங்கள் வழி தவறிவிட்டீர்கள். பயப்பட வேண்டாம். நின்ற இடத்திலேயே நில்லுங்கள். ஆழமாக மூச்சு விடுங்கள். உங்கள் அன்புக்குரியவர் வந்துகொண்டிருக்கிறார்."

இன்ஸ்பெக்டர் கையைத் தலையணைக்கு அடியில் செருகினார். தலையணை பேசியது. தலையணை மேலேயே உட்கார்ந்து அமுக்கினார், இன்னும் கொஞ்சம் மூச்சு விடச் சொன்னது. கீழ்த்தளத்தில் சோபா பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பமே மேலே ஏறி வந்து வேடிக்கை பார்த்தது. இருபது நிமிஷத்தில் வாசலில் டிரைவிங் ஸ்கூல் கார். ஓட்டியது கற்றுக்குட்டி. கடை வாசலில் நிறுத்தத் தெரியாமல் படியில் ஏற்றப் பார்த்தவனை, தம்பி தன் பக்கத்து பிரேக்கை மிதித்துக் காப்பாற்றிவிட்டு மேலே ஓடி வந்தான்.

"அக்கா! உனக்கு ஒண்ணும் ஆகலியே?"

"நான் கட்டில் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"வழி தெரியாம இறங்கிட்டியா?"

"வழி தெரிஞ்சுதான் இறங்கினேன்."

அது அவன் காதில் ஏறவில்லை. அவன் விற்பனைக்காரரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லிக்கொண்டிருந்தான். விற்பனைக்காரர் ஒரு நிமிஷம் கட்டிலைப் பார்த்தார், மணிக்கட்டைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். கணக்குப் போட்டு முடித்துவிட்டார். "நல்லவேளை சார், இங்க வந்தாங்க. தனியா எல்லாம் விடாதீங்க." பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி, குனிந்து, சின்னக் குழந்தையிடம் பேசுகிற குரலில், "எந்திரிம்மா. தண்ணி குடிக்கிறியா? பயந்துட்டியா?" என்றார்.

இரண்டு வருஷமாக வாங்க, உக்காருங்க, பாருங்க என்று சொன்ன வாய். இன்ஸ்பெக்டர் எழுந்தார். தண்ணீர் வேண்டாம் என்றார், விற்பனைக்காரர் அதைக் கேட்காமல் டம்ளரை வாயருகே கொண்டுவந்தார். கற்றுக்குட்டி ஓட்டிய காரின் பின் சீட்டில், வீடு வரும்வரை இன்ஸ்பெக்டர் அழுதார். தம்பி திரும்பிப் பார்த்து, பயந்துட்டா பாவம் என்றான். அவருக்குப் பயமே இல்லை. அவமானம். அந்தக் கடைக்கு இனி போக முடியாது என்பது அவருக்குக் காரில் ஏறும்போதே தெரிந்துவிட்டது. யாராலும் அதைத் திருப்பித் தர முடியாது.

அன்று ராத்திரியே தம்பி சட்டம் போட்டான். "கையில அது இருந்தாத்தான் பஸ். இல்லேன்னா வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், வீட்லயே இரு."

நிறுவனத்தில் அன்றைக்குக் கொண்டாட்டம். 'துணை' செய்த முதல் மீட்பு! தாடிக்காரர் போன கூட்டங்களில் எல்லாம் அதைச் சொன்னார். இன்ஸ்பெக்டரின் படத்தைப் பெரிதாகப் போட்டு, 'தொலைந்தவர் கிடைத்தார்' என்று கீழே எழுதி வரவேற்பறையில் மாட்டினார்கள். அடுத்த ஆய்வு நாளில் இன்ஸ்பெக்டர் முதல் தடவையாகச் சிரிக்கிற முகத்தைத் தொடவில்லை. வேன் போனால் போகட்டும் என்று அழுகிற முகத்தைத் தொட்டார்.

தாடிக்காரரின் முகம் வாடியது. உடனே மையத்து ஆலோசகரை வரவழைத்து, முக்கால் மணி நேரம் பேச விட்டார்கள். ஆலோசகர் வெளியே வந்து அறிக்கை கொடுத்தார்: தொலைந்துபோன அதிர்ச்சியிலிருந்து இவர் இன்னும் மீளவில்லை, கருவியின் ஆதரவு போதவில்லை. மறு வாரமே மாற்றம் செய்துவிட்டார்கள். இப்போது கருவி 'வழி தவறிவிட்டீர்கள்' என்று சொன்ன பிறகு, மனதைத் தேற்றுகிற புல்லாங்குழல் இசையும் வாசித்தது. பார்ட்னரின் கருத்தைக் கேட்டு உடனே திருத்திய வேகத்துக்காகத் தாடிக்காரருக்கு மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது.

இன்ஸ்பெக்டர் இரண்டு நாள் யோசித்தார். மடிக்கிற மேஜையில் நின்றுகொண்டே யோசித்தார். மூன்றாம் நாள், இருக்கையிலிருந்து தன்னைத் தூக்கிவிட வந்த சீட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"பாப்பா, வேண்டாம்ங்கறதுக்கு எந்த மூஞ்சி?"

"என்னக்கா?"

"எனக்கு அழுகை வரல. எனக்கு இது வேண்டாம். அதுக்கு எதைக் காட்டணும்?"

சீட்டுக்காரி மூன்று அட்டையையும் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கமும் பார்த்தாள். அங்கே என்ன இருக்கப் போகிறது. கடைசியில் அவளுக்குத் தெரிந்ததைச் செய்தாள். அந்தக் கேள்வியை ரோஸ் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். மாலையில் தாடிக்காரர் அதைப் படித்து, "அருமை, ரொம்ப ஆழமான கேள்வி" என்று பாராட்டிவிட்டு, அதைப் பிய்த்து 'பிறகு பார்க்கலாம்' என்கிற வரிசையில் ஒட்டினார். அந்த வரிசையில் ஏற்கெனவே நாற்பது சீட்டு இருந்தது.

ஆறு வாரம் முடிந்தது. கருவி விற்பனைக்குப் போக ஒன்றே ஒன்றுதான் பாக்கி. நிதி கொடுத்த அமைப்பு ஒரு நிபந்தனை வைத்திருந்தது. அதன் ஆட்கள் நேரில் வந்து ஒவ்வொரு பார்ட்னரையும், வீட்டார் யாரும் பக்கத்தில் இல்லாமல் கேட்பார்கள். பார்ட்னர் தன் கைப்படக் கையெழுத்துப் போட்டால் அவர் பங்கு செல்லும், இல்லாவிட்டால் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இந்த ஏற்பாட்டை யாரோ ஒரு புத்திசாலி காகிதத்தில் எழுதி வைத்திருந்தார், அது நிஜமாகவே ஒருநாள் வேலைக்கு ஆகும் என்று அவரே எதிர்பார்த்திருக்க மாட்டார். மற்ற எட்டுப் பேரும் சிரிப்பைத் தொட்டுக் கையெழுத்துப் போட்டு பிஸ்கட் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. தம்பியைக் கதவுக்கு வெளியே உட்கார வைத்தார்கள். "அவளுக்கு ஒண்ணும் புரியாது சார், மெதுவாச் சொல்லுங்க" என்று உள்ளே எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தான்.

உள்ளே அமைப்பிலிருந்து வந்த ஒரு நரைத்த தலை அம்மாள், தாடிக்காரர், சீட்டுக்காரி. அன்றைக்கு நல்லவேளையாக மரநாற்காலி போட்டிருந்தார்கள். நரைத்த தலை அம்மாள் கையிலிருந்த தாளைப் பார்த்துப் படித்தார். "இந்தக் கருவி உங்களுக்குப் பிடிச்சிருக்கா?" தாடிக்காரர் வழக்கப்படி மூன்று முகத்தையும் மேஜையில் பரப்பினார்.

இன்ஸ்பெக்டர் மூன்றையும் ஒன்றாக அடுக்கினார். ஓரம் ஓரமாகத் தட்டிச் சரி செய்தார். தாடிக்காரர் பக்கமே தள்ளிவிட்டார்.

"மூஞ்சி வேண்டாம். எனக்கு வாய் இருக்கு."

தாடிக்காரர் சிரித்தார். "சொல்லுங்கக்கா, தாராளமாச் சொல்லுங்க."

"நான் வழி தவறல. பாங்க்ல இறங்கினா அந்தக் கடை. எனக்குத் தெரியும். இதுக்குத்தான் தெரியல." மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். "தெரியாத இது, தெரிஞ்ச என்னைப் பாத்து, தொலைஞ்சு போய்ட்டேன்னு ஊரு முழுக்கக் கத்துது. என்னைக் கேக்காம என் தம்பிக்குப் போன் போடுது. நான் என்ன திருடியா?"

"அக்கா, அது உங்க பாதுகாப்புக்காக..."

"உங்க கையில ஏன் இல்லை?"

தாடிக்காரர் தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டார். அங்கே விலையுயர்ந்த கடிகாரம் ஒன்று இருந்தது. அது யாருக்கும் போன் போடுகிற ரகம் இல்லை.

நரைத்த தலை அம்மாள் தாளைக் கீழே வைத்தார். அடுத்த கேள்வி தாளில் இல்லாத கேள்வி. "அப்ப எப்படி இருந்தா உங்களுக்கு உபயோகமா இருக்கும்?"

ஆறு வாரத்தில், முந்நூறு சீட்டில், அதுவரை ஒருத்தரும் கேட்காத கேள்வி அது. இன்ஸ்பெக்டருக்குப் பதில் சொல்ல யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"பஸ் வருதா இல்லையான்னு சொல்லட்டும். மழையில முக்கா மணி நேரம் நின்னிருக்கேன், வரவே இல்லை, யாரும் சொல்லல. போர்டுல எழுதிப் போட்டிருந்தாங்களாம். எனக்குப் படிக்க வராது. அதைப் படிச்சுச் சொல்லட்டும். மெதுவா, என் காதுக்கு மட்டும். தம்பியைக் கூப்பிடணும்னா நான் கூப்பிடுறேன். கழட்டணும்னா நான் கழட்டுறேன்."

சீட்டுக்காரி எழுத மறந்து உட்கார்ந்திருந்தாள். தாடிக்காரர்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார். "ரொம்ப நல்ல யோசனை. ஆனா அது வேற கருவி மேடம். இந்தக் கட்டத்துல அதுக்கு இடம் இல்லை" என்று அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டு, பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, இன்ஸ்பெக்டரின் விரல்களுக்கு நடுவிலேயே வைத்துவிட்டார். "இதுல மட்டும் ஒரு கையெழுத்து. அப்புறம் டீ சாப்பிடலாம்."

இன்ஸ்பெக்டர் பேனாவைப் பார்த்தார். கையெழுத்துப் போடாவிட்டால் தம்பி வேலைக்கு விட மாட்டான். மேஜை, விரிப்புகள், ஆறே கால் பஸ், எல்லாம் போய்விடும். கையெழுத்துப் போட்டால் எல்லாம் இருக்கும், கூடவே ஒரு டீச்சர் குரலும் சாகும்வரை இருக்கும். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால், கையெழுத்துப் போட்டு டீயைக் குடித்துவிட்டு வந்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது.

"போட மாட்டேன்" என்றார். பேனாவின் மூடியைத் தேடி எடுத்துப் போட்டு, அதை மேஜையில் நேராக வைத்தார். "கழட்டுங்க."

தம்பியிடம் சாவியை வாங்கிக் கழற்றினார்கள். வேறு வழியில்லை, நிதி கொடுத்த அமைப்பு போட்ட நிபந்தனை. வெளியே தம்பி குதித்த குதி அந்தத் தாழ்வாரம் காணாதது. அவளுக்கு என்ன தெரியும், அவ பேச்சை எல்லாம் ஒரு பேச்சுன்னு எடுத்துக்கிட்டு, என்று ஆளுக்கு ஆள் கேட்டான். நரைத்த தலை அம்மாள் அவனிடம், "அவங்க தெளிவாத்தானே சொன்னாங்க?" என்று மட்டும் சொல்லிவிட்டு லிப்டில் ஏறிவிட்டார். அந்த அம்மாளும் அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கருவி குறித்த நாளில் விற்பனைக்கு வந்தது. எட்டுக் கையெழுத்து தாராளமாகப் போதுமாம். அறிக்கையில் ஒரு பார்ட்னர் 'சொந்தக் காரணங்களுக்காக' விலகிக்கொண்டதாக ஒரு வரி. தாடிக்காரர் வெளியூர் மாநாடு ஒன்றில் பேசப் போனார். பேச்சின் தலைப்பு, 'வேண்டாம் என்பதற்கு எந்த முகம்?' கண் கலங்கப் பேசினாராம், அரங்கமே எழுந்து நின்று கை தட்டியதாம். அந்தக் கேள்வி தனக்கு ஒருநாள் மாலை தோன்றியது என்றாராம்.

தம்பி தான் போட்ட சட்டத்தில் பாதியைக் காப்பாற்றினான். பஸ் கிடையாது, நானே கொண்டுபோய் விடறேன் என்று மறுநாள் ஐந்தரைக்கு எழுந்தான். மூன்று நாள் கொண்டுபோய் விட்டான். நாலாம் நாள் அலாரம் அடித்தபோது போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "அக்கா, இன்னிக்கு ஒருநாள் பஸ்ல போயிடேன்" என்றான். அந்த ஒருநாள் இன்னும் முடியவில்லை.

அடுத்த புதன்கிழமை இன்ஸ்பெக்டர் பாங்க் நிறுத்தத்தில் இறங்கவில்லை. பஸ் மரச்சாமான் கடையைத் தாண்டும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். ஆனாலும் அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்தபோது ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலேயே தாமதம். தம்பி சோபாவில் உட்கார்ந்திருந்தான். தம்பி பெண்டாட்டி சமையலறையிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"எங்க போயிருந்த?" என்றான்.

பஸ் லேட் என்று சொல்லியிருக்கலாம். இன்ஸ்பெக்டர் செருப்பைக் கழற்றி, ஜோடியாகச் சுவரோரம் வைத்தார்.

"வெளிய."

"வெளியன்னா எங்க?"

"வெளியன்னா வெளிய."

தம்பி பெண்டாட்டி சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் புருஷனிடம் தினமும் கேட்கிற கேள்வி அது, அவளுக்குத் தினமும் கிடைக்கிற பதிலும் அதுதான். ஒரு எழுத்துக் கூடக் குறைவில்லை, குரல் கூட அதே குரல். தம்பி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பெண்டாட்டி கரண்டியோடு அங்கேயே நின்று, அவன் என்ன சொல்லப் போகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினான்.